கல்லறையும் கல் முகமும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

இன்றைய மெக்சிகோ, குவாத்தமாலா முதலிய நாடுகள் அடங்கிய நிலப்பகுதியை இடை அமெரிக்கா என்று அறிஞர் வழங்குவர். ஸ்பானியர் அங்குக் காலடி வைப்பதற்கு முன்பே ஓல்மெக், தியோத்திவாக்கான், மாயா, ஆஸ்டெக் எனப் பல நாகரிகங்கள் செழித்த மண் அது. அம்மண்ணில் கிடைத்த கல் முகமூடிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் 'ஈம முகமூடி' என்னும் சொல் கண்ணில் படுகிறது. இறந்தவர் முகத்தின்மீது வைத்துப் புதைக்கப்பட்டது என்பது அதன் பொருள். அப்படித்தான் புதைக்கப்பட்டது என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? இந்த ஒரு வினாவையே இக்கட்டுரையில் ஆராய விழைகின்றேன்.

பச்சைக்கல்லின் பெருமை

இடை அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றியது ஜேட் என்னும் பச்சைக்கல். மக்காச்சோளப் பயிரின் நிறமும் நீரின் நிறமும் அதில் இருந்தமையால், அதனை உயிரின் அடையாளமாகக் கருதினர். மாயர்கள் இறந்தவர் வாயில் அரைத்த மக்காச்சோளத்தையும் கல்மணிகளையும் இட்டனர் என்று 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாதிரியார் தியேகோ தெ லாந்தா எழுதியுள்ளார்.

இக்கல் குவாத்தமாலாவின் மொத்தாகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்தது. மிகக் கடினமான கல். அதனை அறுக்க அவர்களிடம் இரும்பு இல்லை. மணலும் நீரும் இட்டுக் கயிற்றால் தேய்த்து அறுத்தனர். நாணலையோ எலும்பையோ சுழற்றித் துளையிட்டனர். ஒரு முகத்தை உருவாக்க எத்துணைப் பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

பாலெங்கே மன்னன்

மெக்சிகோவின் தென்பகுதியில் உள்ள பாலெங்கே ஒரு மாயா நகரம். அங்குள்ள கல்வெட்டுக் கோவிலின் தளத்தில், துளைகளுடன் கூடிய ஒரு பலகைக்கல்லை ஆல்பர்ட்டோ ரூஸ் என்னும் தொல்லியலறிஞர் கவனித்தார். அதன் அடியில் கற்குவியலால் அடைக்கப்பட்ட படிக்கட்டு ஒன்று கீழே இறங்கியது. 1949இல் தொடங்கி அதனைத் துப்புரவு செய்து, 1952இல் கல்லறையைக் கண்டார்.

உள்ளே சாதிலிங்கச் செந்நிறம் படிந்த கற்பேழையில் ஒரு மன்னனின் உடல் கிடந்தது. அவன் முகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சைக்கல் துண்டுகளை இழைத்துச் செய்த முகமூடி இருந்தது. கண்கள் சிப்பியாலும் எரிமலைக் கண்ணாடியாலும் ஆனவை. வாயிலும் கைகளிலும் பச்சைக்கற்கள் இருந்தன. கி.பி. 615இல் அரியணை ஏறி 683இல் மறைந்த பாக்கால் என்பவனே அம்மன்னன் என்பதைக் கல்வெட்டுகள் உணர்த்துகின்றன. இங்கே 'ஈம முகமூடி' என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

தியோத்திவாக்கான் முகங்கள்

இனி, மெக்சிகோ நகருக்கு வடகிழக்கே உள்ள தியோத்திவாக்கானுக்கு வருவோம். அந்நகரின் பாணியில் அமைந்த கல் முகங்கள் உலகின் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. அகன்ற நெற்றி, சற்றே திறந்த வாய், ஓரங்களில் கட்டுவதற்கான துளைகள் ஆகியவை அவற்றின் இலக்கணம். பெரும்பாலானவற்றில் கண் ஊடுருவத் துளைக்கப்படவில்லை, கனமும் மிகுதி. எனவே உயிருள்ளவர் அணிந்து ஆடியிருக்க இயலாது. ஆகையால் இறந்தவருக்கு உரியவை என்று நெடுங்காலம் கருதினர்.

ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை முறையான அகழாய்வில் கிடைத்தவை அல்ல. பொருள் தேடித் தோண்டியவர்களிடமிருந்து கைமாறி வந்தவை. 2011இல் அங்குள்ள சூரியப் பிரமிடின் அடியில் ஒரு பச்சைக்கல் முகம் கிடைத்த செய்தி வெளியாயிற்று. அது பிணத்தின் முகத்தில் இல்லை. காணிக்கைப் பொருள்களோடு இருந்தது. மரச் சிலைகளிலோ துணிப் பொதிகளிலோ இம்முகங்களைக் கட்டியிருக்கலாம் என்று இன்று அறிஞர் பலர் எண்ணுகின்றனர். மரமும் துணியும் மக்கிவிட, கல் மட்டும் நின்றது.

ஆஸ்டெக் கோவிலில் ஓல்மெக் முகம்

மூன்றாவது சான்று வியப்புக்குரியது. மெக்சிகோ நகரின் நடுவே உள்ள ஆஸ்டெக் பெருங்கோவிலில் 1978இல் தொடங்கிய அகழாய்வில், காணிக்கைக் குழி ஒன்றில் ஓல்மெக் முகமூடி கிடைத்தது. அதனைப் புதைத்த ஆஸ்டெக்குகளுக்கே அது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையான பொருள்! முன்னோர் செய்த பொருளைத் தேடிப் பெற்றுத் தெய்வத்திற்கு அளித்தனர் என்பது இதனால் விளங்குகிறது. இதே முகம் ஒரு வணிகர் கடையில் கிடைத்திருப்பின், இதுவும் 'ஈம முகமூடி' என்றே பெயர் பெற்றிருக்கலாம்.

முடிவுரை

பாக்காலின் முகமூடி 1985ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில், நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களோடு மெக்சிகோ தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டது. 1989இல் மீண்டும் கிடைத்தது. அந்நான்கு ஆண்டுகளிலும் அதன் வரலாறு மட்டும் களவு போகவில்லை. அது எங்கு, எவருடைய முகத்தில், எவற்றின் நடுவே இருந்தது என்பதை ரூஸ் முன்னரே எழுதி வைத்திருந்தார். தியோத்திவாக்கான் முகங்களோ கண்ணாடிப் பேழைகளுள் பத்திரமாக உள்ளன. அவற்றின் வரலாறு, தோண்டிய அன்றே தொலைந்துவிட்டது.

தொல்பொருளைத் திருடுவோன் கல்லை மட்டும் எடுத்துச் செல்வதில்லை என்பதே இப்பாடத்தில் நான் கண்ட உண்மை. வரலாறு பயிலும் நாம், ஒரு பொருளைக் கண்டவுடன் 'இது என்ன?' என்று கேட்பதற்கு முன், 'இது எங்கே, எதனோடு கிடைத்தது?' என்று கேட்கப் பழகுவோமாக.