அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகும் இளம் சித்திக்கு

அமெரிக்காவில் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளையை உறவினர் ஒருவர் பகல் முழுதும் பார்த்துக்கொள்வது, அந்நாட்டுச் சட்டத்தில் தனி இலக்கணமும் தனி விதிகளும் உடைய ஒரு பணி. 1990இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, வருமானம் குறைந்த குடும்பங்களின் குழந்தைப் பராமரிப்புச் செலவுக்காக மாநிலங்களுக்கு நிதி வழங்குகிறது. 13 வயதுக்குட்பட்ட பிள்ளை, வேலை செய்கிற அல்லது படிக்கிற பெற்றோர், மாநிலத்தின் இடைநிலை வருமானத்தில் 85 விழுக்காட்டைத் தாண்டாத குடும்ப வருமானம் ஆகியவை அதன் அடிப்படைத் தகுதிகள். பல மாநிலங்கள் வருமான வரம்பை இன்னும் கீழே வைத்திருக்கின்றன. உதவி பெறும் பெற்றோர் டே கேரைத் தேர்ந்தெடுக்கலாம்; பாட்டியையோ சித்தியையோகூடத் தேர்ந்தெடுக்கலாம். பாட்டியையோ சித்தியையோ தேர்ந்தெடுத்தால், அவருக்கும் அந்த நிதியிலிருந்து பணம் வரும்.

உறவினர் என்ற சொல்லைச் சட்டம் இறுக்கமாகவே வரையறுத்திருக்கிறது. பார்த்துக்கொள்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளை அவருக்குப் பேரனாகவோ பேத்தியாகவோ, கொள்ளுப் பேரப்பிள்ளையாகவோ, உடன்பிறந்தார் பிள்ளையாகவோ இருக்க வேண்டும். இரத்த உறவு, திருமண உறவு, நீதிமன்ற ஆணை ஆகிய மூன்றில் எதன் வழியாகவும் அந்த உறவு அமையலாம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனோ அக்காவோ தனி வீட்டில் வசிக்க வேண்டும். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை இந்த வரையறைக்குள் வருகிறார். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, வீட்டில் அவரையும் சித்தி என்றே பிள்ளை கூப்பிட்டாலும், வருவதில்லை. பாட்டியின் தங்கையும் வருவதில்லை. அவர்களும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அயலாருக்கான விதிகள் அவர்களுக்குப் பொருந்தும். தமிழ்க் குடும்பங்கள் விண்ணப்பத்தில் உறவுமுறையை எழுதும்போது இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

2014இல் இச்சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. நிதி பெறும் பராமரிப்பாளர் கைரேகையுடன் கூடிய குற்றப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும், அது 5 ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படும். குழந்தைகளுக்கு எதிரான குற்றம், கொலை, தீவைப்பு, ஆள்கடத்தல் போன்றவற்றில் தண்டனை பெற்றவர் இப்பணிக்கு வர முடியாது. தொற்றுநோய்த் தடுப்பு, பாதுகாப்பான உறக்கம், மருந்து கொடுக்கும் முறை, உணவு ஒவ்வாமை, கட்டட ஆபத்துகள், குழந்தையைக் குலுக்குவதால் மூளைக்கு ஏற்படும் காயம், பேரிடர் ஆயத்தம், முதலுதவி, மார்பழுத்தச் சிகிச்சை எனப் பல தலைப்புகளில் பயிற்சி பெற வேண்டும். ஆண்டுக்கொரு முறை அதிகாரி வந்து பார்ப்பார். இவ்வளவையும் விதித்த சட்டமே, உறவினருக்கு இவற்றிலிருந்து விலக்களிக்கும் உரிமையை மாநிலங்களிடம் விட்டுவைத்திருக்கிறது. அதனால்தான் மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறுகிறது. கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் இல்லாத பராமரிப்பாளர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் டிரஸ்ட்லைன் பதிவேட்டிலிருந்து தாத்தா, பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தார் ஆகியோருக்கு விலக்கு உண்டு. வேறு சில மாநிலங்களில் உறவினரும் சோதனைக்கும் அறிமுகப் பயிற்சிக்கும் உட்பட வேண்டும். எங்கு என்ன விதி என்பதை மாநிலத்தின் குழந்தைப் பராமரிப்பு உதவி அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அரசு எல்லா வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது, குடும்பத்தை நம்ப வேண்டியிருக்கிறது, விலக்கு அதற்காகத்தான். ஒரு சித்தி எதையும் கற்க வேண்டியதில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பயிற்சி கட்டாயமில்லாத மாநிலத்திலும் இளம் பராமரிப்பாளர் முதலுதவி வகுப்புக்குத் தாமாகவே போய்வர வேண்டும். தொண்டையில் எதையாவது சிக்கவைத்துக்கொண்ட குழந்தைக்கு உறவுமுறை தெரியாது. ஒரு வயதுக்குக் கீழே என்றால் முன்கையில் குப்புறச் சாய்த்து முதுகில் 5 தட்டு, மல்லாத்தி மார்பில் 5 அழுத்து என மாறி மாறிச் செய்ய வேண்டும் என்பதை அந்த நிமிடத்தில் தேடிப் படிக்க முடியாது. கை அதை முன்பே பழகியிருக்க வேண்டும்.

தமிழ்க் குடும்பங்கள் மறக்கக் கூடாத இன்னொரு தகுதி, வேலை செய்யும் அனுமதி. பேரப்பிள்ளைக்காக ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் தாத்தா பாட்டி பெரும்பாலும் பி-2 பார்வையாளர் விசாவில் வருகிறார்கள்; அந்த விசாவில் ஊதியத்துக்கு வேலை செய்ய அனுமதியில்லை. மாணவர் விசாவில் படிக்க வந்திருக்கும் தங்கைக்கும் வளாகத்துக்கு வெளியே தன் விருப்பப்படி சம்பாதிக்க உரிமையில்லை. பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருப்போரில் ஒரு பகுதியினருக்கே 2015 முதல் வேலை அனுமதி கிடைக்கிறது. பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுவதும் அரசுப் படிவத்தில் கையெழுத்திட்டுப் பணம் பெறுவதும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு செயல்கள். சில நூறு டாலருக்காக ஒருவரின் குடிவரவு நிலையைச் சிக்கலில் மாட்டிவிடுவது எந்தக் குடும்பத்துக்கும் தகாது.

பொறுப்புகளில் முதலிடம் உறக்கத்துக்கு. குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் அறிவுறுத்தியது. மல்லாந்து படுக்கவைக்கச் சொல்லும் நாடு தழுவிய பிரசாரம் 1994இல் தொடங்கியது. அதன் பிறகு காரணம் தெரியாத திடீர்ச் சிசு மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு வயது வரை விதி எளிமையானது: மல்லாந்து, கெட்டியான தட்டையான மெத்தையில், தனியாக. தலையணை, போர்வை, பொம்மை, தொட்டிலோரத்து மெத்தைத் தடுப்பு எதுவும் வேண்டாம். பக்கக் கதவு இறங்கும் பழைய மரத் தொட்டில்களின் விற்பனை 2011இல் தடைசெய்யப்பட்டது. யாரோ ஆசையாகக் கொடுத்தாலும் அதை ஏற்கக் கூடாது.

தூளி இங்கேதான் சிக்கலாகிறது. அம்மாவின் பழைய புடவையில் ஆடித் தூங்கிய தலைமுறைகளுக்கு அதைவிட இதமான படுக்கை இல்லை. ஆனால் தூளித் துணி குழிகிறது, குழந்தையின் தாடை மார்போடு மடிகிறது, துணி மூக்கின்மேல் விழலாம். கழுத்து நிற்காத குழந்தைக்கு மூச்சுவழி அடைபட அதுவே போதும். ஆட்டித்தான் தூங்கவைக்க வேண்டுமென்றால் மடியிலும் தோளிலும் ஆட்டலாம். தூங்கியதும் தட்டையான தொட்டிலில் கிடத்த வேண்டும். பாட்டி வருத்தப்படுவார். அந்த வருத்தத்தைத் தாங்கிக்கொண்டு, ஏன் என்று பொறுமையாக விளக்குவதும் பராமரிப்பாளரின் பொறுப்பில் அடங்கும்.

கைவைத்தியங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் தேய்த்து இதமான நீரில் குளிப்பாட்டுவது நல்ல வழக்கம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது அப்படியல்ல, நுரையீரலுக்குள் எண்ணெய் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். உரை மருந்தில் சேரும் வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1968 முதல் தடைசெய்திருக்கிறது. அதிலுள்ள ஒரு வேதிப்பொருள் எலிகளுக்குப் புற்றுக்கட்டியை உண்டாக்கியது கண்டறியப்பட்டதே காரணம். ஊரிலிருந்து வரும் கண்மைகளில் ஈயம் கலந்திருந்தது பலமுறை தெரியவந்திருக்கிறது. ஈயம் எவ்வளவு குறைவாக உடலில் சேர்ந்தாலும் வளரும் மூளையைப் பாதிக்கும். கண்ணேறு கழிய வேறு எத்தனையோ வழியுண்டு. கண்ணிலும் கன்னத்திலும் மை வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் தொட்டுவைக்கக் கூடாது, அதிலிருக்கும் நுண்ணுயிர் விதைகள் சிசுவின் குடலில் நச்சை உண்டாக்கக்கூடும். பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்குப் பிறகே. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை போன்றவற்றை 4 வயது வரை அப்படியே தரக் கூடாது; திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கலாம்.

மருந்தில் சித்தியின் அதிகாரம் மிகக் குறைவு, அப்படி இருப்பதே சரி. பெற்றோர் எழுதிக் கொடுத்த அனுமதி இல்லாமல் ஒரு சொட்டும் தரக் கூடாது. காய்ச்சல் மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. சமையலறைக் கரண்டியை விட்டு, மருந்தோடு வரும் அளவுக் குழாயில் அளக்க வேண்டும். ஐபுப்ரோஃபென் 6 மாதத்துக்கு முன் கூடாது. இருமல், சளி மருந்துகளின் உறையிலேயே 4 வயதுக்குட்பட்டோருக்கு வேண்டாம் என்று அச்சிட்டிருக்கும். 3 மாதம் நிரம்பாத குழந்தைக்கு உடல்வெப்பம் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மாலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் குழந்தைக்கு மிகக் கொடிய நஞ்சு. கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டிகளைக் குழந்தையால் எளிதாகத் திறந்துவிட முடியும். அவை பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். பார்க்க வரும் விருந்தாளியின் கைப்பையும் உயரத்தில் இருக்க வேண்டும்.

வீட்டை முழங்காலில் தவழ்ந்து ஒருமுறை சுற்றிவந்தால் பல ஆபத்துகள் தாமே தெரியும். குளியலறை வாளியில் மீந்த சில அங்குலத் தண்ணீர் ஒரு குழந்தை மூழ்கப் போதும். பயன்படுத்தியதும் கவிழ்க்க வேண்டும். சுடுநீர்க் கருவி 120 ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். 2020 முதல் அமெரிக்காவில் பிள்ளைகளும் பதின்வயதினரும் இறக்கும் காரணங்களில் துப்பாக்கியே முதலிடத்தில் இருக்கிறது. எனவே பராமரிப்பு நடக்கும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டப்பட்டிருக்கிறதா என்று வெட்கமின்றிக் கேட்க வேண்டும். சித்தியின் காரிலும் தனிக் கார் சீட் வேண்டும், பின்பக்கம் பார்த்தபடி, அந்தச் சீட்டின் எடை, உயர வரம்பு முடியும்வரை. நிறுத்திய காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 20 ஃபாரன்ஹீட் வெப்பம் ஏறும், ‘ஒரு நிமிடம்தானே’ என்று அதில் பிள்ளையை விட்டுப் போகக் கூடாது.

பாதுகாப்பு உறுதியான பிறகு பராமரிப்பின் சாரம் பேச்சில் இருக்கிறது. குழந்தை எழுப்பும் ஒலிக்கு முகம் பார்த்துப் பதில் சொல்வதும், துணி மடிக்கும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் மூளை வளர்ச்சிக்கு உதவுகின்றன. இதைத் தமிழிலேயே செய்யலாம், செய்ய வேண்டும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகும் என்பது தவறான நம்பிக்கை. நூறு பிள்ளைகள் படிக்கும் டே கேரால் தர முடியாத ஒன்றைச் சித்தியால் தர முடியும் என்றால், அது இந்த மொழியும், அது சுமந்துவரும் தாலாட்டும் கதையும் விடுகதையும்தான். திரையால் இந்த இடத்தை நிரப்ப முடியாது. 18 மாதம் வரை வீடியோ அழைப்பு தவிர வேறு திரை வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. நாள் முழுதும் கூட இருப்பவர் கண்ணுக்குத்தான் வளர்ச்சியின் தாமதமும் முதலில் படும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, சுட்டிக்காட்டாதது, கற்ற சொற்களை இழப்பது போன்றவற்றைத் தேதியுடன் குறித்துப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஆரம்பக்கால உதவித் திட்டம் உண்டு. மதிப்பீட்டுக்குப் பெற்றோர் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம்.

துன்புறுத்தலைக் கண்டு சொல்வது இப்பணியின் மிகக் கடினமான பகுதி, ஏனென்றால் சந்தேகம் சொந்தக் குடும்பத்தின்மீதே விழக்கூடும். டெக்சஸ், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் அதிகாரிகளிடம் தகவல் சொல்லும் கடமை எல்லோருக்கும் உண்டு. அதில் உறவினருக்கு விதிவிலக்கில்லை. பிள்ளையின் பாதுகாப்பா குடும்பத்தின் மானமா என்ற கேள்வி வந்தால், பராமரிப்பாளர் பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும்.

பணக் கணக்கில் நெளிவு சுளிவு கூடாது. பிள்ளை வந்த நேரமும் போன நேரமும் அன்றன்றே எழுதப்பட வேண்டும். வராத நாளை வந்ததாக எழுதினால் அது மோசடி, பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். உறவினருக்கான கட்டணம் பல மாநிலங்களில் டே கேருக்குத் தருவதைவிடக் குறைவு. அதே வேலைக்கு அதே உழைப்பு என்று பார்த்தால் அது நியாயமன்று, ஆனால் அதை ஈடுகட்டக் கூடுதல் நேரம் எழுதிக்கொள்வது வழியன்று. வரும் தொகை வருமான வரிக்கு உட்பட்டது, பெரும்பாலும் சுயதொழில் வருமானமாக. பிள்ளையின் வீட்டிலேயே வேலை நடந்தால் பெற்றோர் முதலாளி நிலைக்கு வரக்கூடும், குறைந்தபட்ச ஊதிய விதியும் பொருந்தும். அதனால் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குச் சில மாநிலங்கள் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

அக்காவோடு ஒப்பந்தம் எழுதிக்கொள்வதா என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. எழுதிக்கொள்கிற வீடுகளில்தான் உறவு கெடாமல் இருக்கிறது. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, தாமதமானால் என்ன, சித்திக்கு உடம்பு சரியில்லாத நாளில் யார், எந்த உணவு, அதட்டுவதற்கு எல்லை எது என்பவை ஒரு பக்கத்தில் இருக்கட்டும். அடிப்பது அந்தப் பக்கத்தில் இடம்பெறவே கூடாது. கூடவே மருத்துவர் பெயர், ஒவ்வாமை, காப்பீட்டு அட்டையின் நகல், அவசரச் சிகிச்சைக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஆகியவை ஒரே உறையில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். வளர்ப்பு முறையில் கருத்து வேறுபட்டால் இறுதிச் சொல் பெற்றோருடையது. பாதுகாப்பு விதிகளை மட்டும் யாருக்காகவும் தளர்த்தலாகாது.

பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கும்போதோ சித்திக்கு வேறு வேலை கிடைக்கும்போதோ இந்த ஏற்பாடு முடியும். பெற்றோர் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளப் போதிய அவகாசம் தந்து முன்கூட்டியே சொல்ல வேண்டும். உதவி அலுவலகத்துக்குக் கடைசி நாளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் உறக்கம், உணவு, பயம், பிடித்த பாட்டு எல்லாவற்றையும் அடுத்துப் பார்த்துக்கொள்பவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வருகைத் தாள்களையும் கட்டணச் சீட்டுகளையும் வரிக் கணக்குக்காகக் குறைந்தது 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.