கடையில் 100 கே தான் இருக்கிறதா?

மேல்மலையனூர் அமாவாசைக்கு மைக் செட் கிளம்பும் நாளாகப் பார்த்துத்தான் மிக்சரின் வால்யூம் கண்ட்ரோல் கரகரக்கும். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ 10 கே லாக் கேட்டால் சில நாள் 100 கே லீனியர்தான் கிடைக்கும். அதற்காக ரிட்சி தெருவுக்கு ரயிலேற வேண்டாம்.

முதலில், அந்தக் கண்ட்ரோலுக்கு என்ன வேலை என்று பாருங்கள். ஒரு ஓரக்காலில் சிக்னல், மறு ஓரக்காலில் கிரவுண்ட், நடுக்காலிலிருந்து வெளியே போகிறது என்றால் வெறும் வால்யூம், தாராளமாக மாற்றலாம். பேஸ், ட்ரெபிள் கண்ட்ரோலில் கை வைக்காதீர்கள். கெப்பாசிட்டர்களையும் சேர்த்து மாற்றவேண்டி வரும்.

அடுத்து, நடுக்காலிலிருந்து 4558 ஐசிக்குப் போகும் ரெசிஸ்டரைப் பாருங்கள். 47 கே என்று வைத்துக்கொள்வோம். பலரும் கண்ட்ரோலில் அச்சிட்ட எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சத்தத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம். 10 கே கண்ட்ரோலைப் பாதி திருப்பினால் நடுக்காலின் மூலத்தடை 2.5 கே, 47 கேக்கு முன் அது ஒன்றுமில்லை. 100 கே என்றால் 25 கே. பாதித் திருப்பில் சத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். லீனியருக்கு இது நல்லதே, லாக் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 22 கே ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால் பாதியில் ஏறக்குறைய 19 சதவீதம்தான் வரும். லாக் திருப்பம் கிடைத்துவிட்டது. முழுதாகத் திறக்கும்போது இன்புட் பார்க்கும் தடை சுமார் 13 கே. செல்போனுக்கு அது சுமையே இல்லை.

தலைகீழாக, 50 கே இருந்த இடத்தில் 10 கே போடுகிறீர்களா? இன்புட் கெப்பாசிட்டரைக் கவனியுங்கள். 0.1 மைக்ரோஃபாரட் இருந்தால், 32 ஹெர்ட்ஸில் இருந்த கீழ் எல்லை 159 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பம்பையின் அடிநாதம் மெலிந்துபோகும். அதை 1 மைக்ரோஃபாரட் ஆக்குங்கள்.

லீனியரா லாக்கா என்று முதுகில் பார்க்கலாம்: பொதுவாக பி லீனியர், ஏ லாக். பழைய ஐரோப்பியச் சாமான்களில் இது மாறியிருக்கும். ஆகவே கழற்றிவைத்த நிலையில், பாதி திருப்பி மீட்டரில் அளப்பதே பத்திரம். பாதி மதிப்பு காட்டினால் லீனியர். மொத்த மதிப்பு 20 சதவீதம் முன்பின் இருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம்.

பொருத்தும்போது தண்டு உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கட்டும்: இடக்கால் கிரவுண்ட், வலக்கால் சிக்னல். உலோகக் கூட்டையும் கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள். 100 கேயில் ஹம் எளிதாகப் புகும்.