ஆய்வக வேலைக்கு மேல் தொண்டும் வேண்டுமா?

அன்புள்ள தங்கைக்கு,

பொதட்டூர்பேட்டையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். நீங்கள் டி.எம்.எல்.டி. முடித்துத் திருத்தணியில் ஓர் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறீர்கள், இரவில் நீட் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். வேலை மட்டும் போதாது, தன்னார்வத் தொண்டும் இருந்தால்தான் மருத்துவக் கல்லூரியில் எடுப்பார்கள் என்று அமெரிக்காவிலிருக்கும் மாமா மகன் சொன்னாராம். கிடைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையையும் அதற்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

அவர் சொன்னது அவர் இருக்கும் நாட்டுக்குப் பொருந்தும். அங்கே விண்ணப்பத்தில் வேலை, தொண்டு, ஆராய்ச்சி எல்லாவற்றையும் எழுத 15 இடங்கள் உண்டு. இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. தமிழ்நாட்டில் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்தார்கள், 2017இலிருந்து நீட் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். 720க்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு. 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடுகூட, நீங்கள் அரசுப் பள்ளியில் படித்தீர்களா என்று கேட்குமே தவிர, எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தீர்கள் என்று கேட்காது.

ஆளைப் பார்த்து எடுக்கும் வழக்கம் நமக்கு அந்நியமானதும் அல்ல. வேலூர் சி.எம்.சி. நெடுங்காலம் அப்படித்தான் மாணவர்களைத் தேர்ந்தெடுத்தது. எழுத்துத் தேர்வில் முன்னுக்கு வந்தவர்களை வேலூருக்கு வரவழைத்து, நேர்காணல் நடத்தி, மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார்கள் என்றும் கவனித்தார்கள். நீட் வந்தபோது அந்தக் கல்லூரி எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. 2017இல் எம்.பி.பி.எஸ். வகுப்பில் ஒரே ஒரு மாணவரைத்தான் சேர்த்தது. 2020 ஏப்ரலில் சி.எம்.சி. போன்ற சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு நல்ல முறை போய்விட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் அமெரிக்க முறை இங்கே வரவேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். சம்பளமில்லாமல் உழைக்க நேரம் யாருக்கு இருக்கிறது? வீட்டுச் செலவைப் பற்றிக் கவலைப்படாத பிள்ளைகளுக்குத்தான். தறிக்கூலிக் குடும்பத்துப் பெண்ணிடம் ஆய்வக வேலைக்கு மேல் இலவச உழைப்பும் கேட்பது அநியாயம். சம்பளம் வாங்குவதால் உங்கள் வேலை தாழ்ந்துவிடவில்லை. பயந்து கையை இழுத்துக்கொள்ளும் பாட்டியைப் பேசி உட்காரவைத்து ரத்தக்குழாய் தேடும் பொறுமைக்கு வேறு எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

ஆகவே, இலவச மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்துத் தர யாராவது கூப்பிட்டால் இந்த ஆண்டு மறுத்துவிடுங்கள். அது வாரம் முழுவதும் செய்கிற அதே வேலை. புதிதாக எதையும் கற்றுத் தராது, படிக்கிற நேரம்தான் போகும்.

ஆனால் ஆய்வகம் காட்டாத ஒன்று உண்டு. உங்களிடம் வருகிறவர்களை மட்டுமே நீங்கள் பார்க்கிறீர்கள். ஒருவருக்குச் சர்க்கரை 300 என்று எழுதிக் கொடுக்கிறீர்கள், அவர் அடுத்த பரிசோதனைக்கு வருவதில்லை. ஏன் வரவில்லை என்பது அந்தத் தாளில் இருக்காது. நெய்த அளவுக்குத்தான் கூலி என்னும்போது, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் கூலி இல்லாத நாள். இது உங்கள் வீட்டிலேயே உங்களுக்குத் தெரியும். காசநோய் இன்னும் கடினம். மாத்திரையைக் குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் அடங்கியதும் சரியாகிவிட்டது என்று நினைத்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பும்போது பழைய மருந்துக்கு அது அடங்காமல் போகலாம். அப்படிப்பட்டவர் வீட்டுக்குப் போய், மாத்திரை சாப்பிட்டாரா, வயிற்றைப் புரட்டுகிறதா, வேலைக்குப் போகிறாரா என்று விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். காசநோய்த் திட்டத்தில் இதற்கெனச் சிகிச்சை ஆதரவாளர் என்ற பொறுப்பே இருக்கிறது. தொண்டு செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் ஆய்வகத்தில் முடிவு தெரிந்துகொண்டவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. அந்த முடிவு அவருடையது, தெருவுக்குத் தெரிந்தால் அவருக்கு வேலைகூடப் போகலாம். ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக, நோயாளி சம்மதித்த பிறகே போங்கள்.

இதையும் இப்போதே தொடங்க வேண்டாம். நீட் வழக்கமாக மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. அதுவரை உங்கள் ஞாயிறு இயற்பியலுக்கு. நீங்களே பயமாக இருக்கிறது என்று எழுதிய பாடம் அதுதானே. வயது போகிறதே என்ற கவலையும் வேண்டாம், உச்ச வயது வரம்பை 2022இல் எடுத்துவிட்டார்கள். தேர்வு முடிந்து கலந்தாய்வு தொடங்கும்வரை சில வாரங்கள் கிடைக்கும். அப்போது சுகாதார நிலையத்துக்குப் போய், காசநோய்ப் பிரிவில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரே ஒரு நோயாளியை ஒப்புக்கொள்ளுங்கள், அவருக்கு ஆறு மாதமும் முடியும்வரை விடாதீர்கள். இடையில் கல்லூரியில் இடம் கிடைத்து ஊரை விட்டுப் போக நேர்ந்தால், உங்களுக்குப் பதிலாக வருகிறவரை அந்த வீட்டுக்கு நீங்களே கூட்டிப்போய் அறிமுகம் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்