நாவுக்கும் பயிற்சி உண்டு



திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு தறிவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டியம்மா தம் பேரனிடம், "வாயை மூடுடா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அவன் மூடுவான், மறுநிமிடம் வாய் திறந்துவிடும். "சொன்ன பேச்சைக் கேக்கிறதே இல்லீங்க ஐயா" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பையனோ தலை குனிந்துகொண்டான். மருத்துவர் பார்த்தபோது, மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து மூச்சை அடைத்திருந்தது. பிள்ளை கீழ்ப்படியாதவன் அல்லன், மூச்சுக்குத் தவித்தவன்.

இம்மடலை வாசிக்கும் பல் மருத்துவர்களும் செவிலியர்களும் பெற்றோரும் அறியவேண்டிய ஒரு சிகிச்சையை இங்கே அறிமுகம் செய்கிறேன். மயோஃபங்ஷனல் தெரபி என்று அதற்குப் பெயர். நாக்கு, உதடு, கன்னம் ஆகியவற்றின் தசைகளுக்குச் சரியான பழக்கத்தைக் கற்பிப்பதே அது. பாஸ்டன் நகரப் பல்சீரமைப்பு மருத்துவர் ஆல்ஃபிரட் ரோஜர்ஸ் 1918இலேயே முகத்தசைப் பயிற்சிகளைப் பற்றி எழுதினார்.

தசைக்குப் பாடம் கற்பிக்க முடியுமா? வேலூர் அருகே, 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையின் பணியை நினைத்துப் பாருங்கள். தொழுநோயால் முகநரம்பு செயலிழந்தால் கண் இமை மூடாது. கருவிழி காய்ந்து பார்வையே போகலாம். மெல்லுவதற்கு உதவும் நெற்றிப்பொட்டுத் தசைக்கு வேறு நரம்பு உண்டு. அத்தசையின் ஒரு பகுதியை அறுவை மூலம் இமையோடு இணைத்தபின், பல்லைக் கடித்தால் கண் மூடும். ஆனால் கத்தியோடு வேலை முடிவதில்லை. கடித்து மூடுவது பழக்கமாகும்வரை நோயாளி நாள்தோறும் பயில வேண்டும்.

நாவுக்கும் இப்படியே. ஓய்வில் உதடுகள் மூடி, மூச்சு மூக்கால் நடந்து, நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னுள்ள மேட்டில் தங்கவேண்டும். விழுங்கும்போது பற்களுக்கிடையே நாக்கைத் தள்ளுவது கைக்குழந்தைக்கு இயல்பு. வளர்ந்த பிள்ளையிடம் அது நீடித்தால் கவனிக்கவேண்டும். நாம் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை விழுங்குகிறோம். விழுங்காத நேரத்திலும் நாக்கு தாழ்ந்து முன்னே கிடந்தால், முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி நிற்கலாம். கிளிப் போட்டுச் சீராக்கிய பல்லும் மீண்டும் விலகலாம்.

கவனிக்கவேண்டிய அடையாளங்கள்:
1. எப்போதும் திறந்த வாய், காய்ந்த உதடு.
2. தூக்கத்தில் குறட்டை, பகலில் சோர்வு.
3. ஐந்து வயதுக்குப் பின்னும் விரல் சூப்புதல்.
4. பேசும்போதும் விழுங்கும்போதும் நாக்கு வெளியே வருதல்.

செய்யவேண்டிய வரிசை:
1. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கடைப்பைச் சோதித்து நீக்கவேண்டும். அடைத்த மூக்கோடு வாயை மூடச் சொல்வது கொடுமை.
2. நாக்கின் அடி ஜவ்வு குறுகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.
3. பல் மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் கலந்து பேசிப் பயிற்சியை வகுக்கவேண்டும்.
4. வீட்டில் தினமும் சில நிமிடம், மாதக்கணக்கில் செய்யவேண்டும். ஒரே நாளில் நாடா ஓட்டக் கற்ற நெசவாளி எவருமில்லை.

இதன் பயனைக் கூட்டிச் சொல்லவும் கூடாது. பிரேசிலில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், தூக்கத்தில் மூச்சு தடைபடும் 16 பேர் மூன்று மாதம் நாக்கு, தொண்டைப் பயிற்சி செய்தனர். மணிக்குச் சராசரி 22.4 ஆக இருந்த தடைகள் 13.7 ஆகக் குறைந்தன. குறைந்தன, மறையவில்லை. ஆகவே மருத்துவர் தந்த மூச்சுக்கருவியையோ கிளிப்பையோ பயிற்சியை நம்பித் தாமாக நிறுத்தலாகாது.

அந்தப் பையனுக்கு அடைப்பு நீங்கியபின்தான் பயிற்சி தொடங்கியது. பாட்டியம்மா இப்போது "வாயை மூடு" என்று அதட்டுவதில்லை. "நாக்கை மேலே வெச்சுக்கோ, கண்ணு" என்கிறார். உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ வாய் திறந்தபடி ஒரு பிள்ளை இருந்தால், கடிந்துகொள்ளுமுன் அவன் மூச்சைக் கவனியுங்கள்.