வண்டிக்கு உரிய எண்ணெய் வடிகட்டி

சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில், கடலை ஒட்டி அமைந்த நகர் பாசிர் ரிஸ். 1980ஆம் ஆண்டுகளில் அடுக்குமாடி வீடுகள் எழும்பி, 1989 டிசம்பரில் இரயில் நிலையமும் திறக்கப்பட்டு வளர்ந்த ஊர் அது. நம் தமக்கையின் மகன் அங்கே குடியிருக்கிறார். ஜொகூர்த் தோட்டமொன்றில் பிறந்து, பால்மரக் காட்டிலே வளர்ந்தவர். இப்பொழுது சிறிய வேன் ஒன்றை வைத்துக்கொண்டு, தேக்கா வட்டாரத்து உணவுக் கடைகளுக்கு வாழை இலையும் தேங்காயும் கொண்டு சேர்க்கும் தொழில் செய்து வருகிறார்.

சென்ற ஆண்டு நாம் அவர் இல்லத்தில் தங்கியிருந்த வேளையில், வேனின் இயந்திர எண்ணெயைத் தாமே மாற்றிவிடுவது என்று அவர் முடிவு செய்தார். லோயாங் பக்கத்தில் நண்பரொருவர் நடத்தும் பட்டறையில் ஒரு மாலையில் அவ்வேலையை முடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் விடியுமுன் வேனைக் கிளப்பிவிட்டுக் கூடைகளை ஏற்றுவதற்காகப் பின்புறம் சென்றவர், அடியில் தேன் நிறத்து எண்ணெய் ஒழுகிப் பரவுவதைக் கண்டு பதறிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். அதைக் காணாமல் விரைவுச்சாலைக்கு வேனை ஓட்டிப் போயிருந்தால், எண்ணெய் முழுவதும் வடிந்து, இயந்திரம் சில நிமிடங்களிலேயே இறுகிப்போயிருக்கும். அவருடைய பிழைப்பே அந்த வேன்தான்.

"மரை நன்றாகத்தானே ஏறியது மாமா! பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி, அதே பருமனில் பார்த்துத்தானே வாங்கினேன்!" என்றார் அவர்.

தவறு அங்கேதான் நேர்ந்தது. வடிகட்டியைக் கழற்றி அளந்து பார்த்தோம். வேனின் இயந்திரத்திலுள்ள தண்டு முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர் பருமனுடையது. அதில் அங்குலத்துக்கு 16 மரைகள். அவர் வாங்கிய வடிகட்டியோ 20 மில்லிமீட்டர் தண்டுக்கு உரியது. மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரும் இல்லை. ஆதலால் பெரியது சிறியதன்மேல் ஏறிவிடுகிறது. சற்றே இறுகியது போன்றும் தோன்றுகிறது. ஆனால் மரையின் நுனி மட்டுமே பற்றியிருப்பதால், குளிர்ந்த இயந்திரம் கிளம்பும்போது உண்டாகும் எண்ணெய் அழுத்தத்தை அப்பிடிப்பு தாங்குவதில்லை. டொயோட்டாவின் பெட்ரோல் கார்கள் பலவற்றில் முக்கால் அங்குல மரையும், ஹோண்டா கார்களில் 20 மில்லிமீட்டர் மரையும் வழக்கில் உள்ளன. கடை அலமாரியில் இரண்டும் அருகருகே, ஒரே உயரத்தில், ஒரே வண்ணத்தில் நின்றுகொண்டிருக்கக்கூடும். கண்ணளவு இங்கே உதவாது.

வடிகட்டி செய்யும் வேலை யாது என்பதை நம் தோட்டப் பெருமக்களுக்கு விளக்குவது கடினமன்று. பாலை உறையவைக்கும் முன்பு மரப்பட்டைத் தூளும் உறைந்த கட்டியும் நீங்கும் பொருட்டு, அங்குலத்துக்கு 40 கண்ணுள்ள சல்லடையிலும் பின்னர் 60 கண்ணுள்ள சல்லடையிலும் ஊற்றி வடிப்பதை நாம் அறிவோம். இயந்திரத்தில் எண்ணெயும் அவ்வாறே வடிக்கப்படுகிறது. அடியிலுள்ள தொட்டியிலிருந்து பம்பு அதை இழுத்து வடிகட்டிக்குள் செலுத்துகிறது. தகர உறைக்குள் மடிப்பு மடிப்பாக வைத்திருக்கும் தாள், உலோகத் துகளையும் கரியையும் தடுத்துக்கொள்கிறது. தூய எண்ணெய் பேரிங்குகளுக்குப் போய்ச் சேருகிறது. தலைமுடியின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கே உள்ள துகளையும் நல்ல தாள் பெரும்பாலும் பிடித்துவிடும். இவ்வேற்பாடு மோட்டார் வாகனங்களோடு கூடப் பிறந்ததன்று. அமெரிக்கரான எர்னஸ்ட் சுவீட்லாந்து 1923ஆம் ஆண்டில் இத்தகைய வடிகட்டியை உருவாக்கியதன் பின்னரே இது மெல்லப் பரவியது.

சல்லடை அடைத்துக்கொண்டால் பால் விளிம்பைத் தாண்டி வழியும் அல்லவா? எண்ணெய் வடிகட்டியிலும் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தாள் அடைபட்டால் உள்ளேயுள்ள சிறு வால்வு திறந்துகொண்டு, வடிக்கப்படாத எண்ணெயை அப்படியே விட்டுவிடும். எண்ணெயே இல்லாமல் போவதைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்பது அதன் கருத்து. எத்துணை அழுத்தத்தில் அவ்வால்வு திறக்கவேண்டும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். மற்றொரு வால்வு, வண்டி நிற்கும்போது எண்ணெய் கீழே இறங்கிவிடாமல் காக்கிறது. ஆகவே மரை பொருந்தினாலும், உள்ளுறுப்பு வேறாயிருந்தால் அது நம் வண்டிக்கு உரியதாகாது. வண்டியோடு தந்த கையேட்டில் உள்ள உதிரிப்பாக எண்ணைச் சொல்லி வாங்குவதே வழி. கையேடு தொலைந்திருந்தால், வண்டியின் பெயர், ஆண்டு, இயந்திர எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பழைய வடிகட்டியை மட்டும் காட்டுவது போதாது. முன்பு மாற்றியவர் தவறானதைப் பூட்டியிருந்தால் என் செய்வது?

நம் தோட்டங்களில் வேனைவிட மோட்டார் சைக்கிளே மிகுதி. இங்கே பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. ஹோண்டாவின் பழைய கப் வகை வண்டிகளிலும், அவ்வழி வந்த இ.எக்ஸ்.5 வண்டியிலும், கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டும் தாள் வடிகட்டி கிடையாது. இயந்திரத்தின் வலப்பக்க மூடிக்குள் கம்பி வலைச் சல்லடை ஒன்றும், வேகமாய்ச் சுழன்று அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் கிண்ணம் ஒன்றும் உள்ளன. இவற்றைக் கழுவித் துடைத்துத் திரும்பப் பூட்டவேண்டுமே தவிர, வாங்கவேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே அவ்வகை வண்டிக்கு யாரேனும் வடிகட்டி விற்க முற்பட்டால், எந்த இடத்தில் மாட்டுவது என்று கேட்டுப் பாருங்கள்! ஏறத்தாழ முக்கால் லிட்டர் எண்ணெயே கொள்ளும் சிறிய இயந்திரம் அது. அழுக்கைத் தாங்கும் இடம் குறைவு. எனவே எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதே அதற்குப் பெரும் பாதுகாப்பு.

யமஹா 135 எல்.சி. போன்ற வண்டிகளில் தாள் வடிகட்டி உண்டு. தகர உறையில்லாத சிறு உருளையாக அது தனியறைக்குள் அமர்ந்திருக்கும். இத்தகைய உருளைகளில் எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்பதைக் கவனித்தல் வேண்டும். சிலவற்றில் வெளிப்பக்கம் என்று ஆங்கிலத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். தலைகீழாக வைத்து மூடிவிட்டால், எண்ணெய் போகும் வழி அடைபடவும் கூடும். கழற்றும்போதே அது இருந்த நிலையைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. இக்காலத்தில் கைபேசியில் படம் எடுத்துவிடலாம்.

இனி, நம்மோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு பொருளைப் பற்றிச் சொல்லவேண்டும். வடிகட்டியின் வாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ரப்பர் என்றதும் அது நாம் வெட்டும் மரத்துப் பாலில் செய்தது என்று கருதிவிடலாகாது. இயற்கை ரப்பர் நீருக்கு அஞ்சாது; ஆனால் கனிம எண்ணெயைக் குடித்து ஊதிப்போகும் இயல்புடையது. இக்காரணத்தால் அவ்வளையத்தை நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். ஐயமுள்ளவர்கள் உறைந்த ரப்பர்த் தாளில் ஒரு துண்டை நறுக்கி, இயந்திர எண்ணெயில் மூன்று நாள் ஊறவைத்துப் பாருங்கள். துண்டு பருத்து, கொழகொழத்து, பிடித்து இழுத்தால் எளிதில் கிழிந்து வரும். வளையம் கெட்டுவிட்டதென்று பழைய டியூபை வெட்டி வைத்துச் சமாளிக்கும் கைவேலை நம் தோட்டங்களில் உண்டு. மற்ற இடங்களில் அது செல்லும். எண்ணெய் நிற்கும் இடத்தில் செல்லாது.

பூட்டும் முறையையும் கூறிவிடுவோம். பழைய வடிகட்டியைக் கழற்றியதும், அதன் வளையம் கூடவே வந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். சிலவேளை அது இயந்திரத்தின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன்மேல் புதியதைப் பூட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து, அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, எண்ணெய் பீறிட்டு வெளிவரும். முகத்தைத் துணியால் துடைத்து, புதிய வளையத்தில் சிறிது புது எண்ணெய் பூசி, கையாலேயே திருகுங்கள். ஏறும்போது தளர்ந்து ஆடினாலோ, பாதியில் சிக்கினாலோ நிறுத்திவிடுங்கள். வளையம் முகத்தைத் தொட்டபின் சுமார் முக்கால் சுற்று போதும்; வடிகட்டியின் மேலேயே வேறு அளவு குறித்திருந்தால் அதன்படி செய்க. சாவி போட்டு இறுக்குவது வேண்டா. பிறகு இயந்திரத்தை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் அடியில் பார்த்து, நிறுத்தி, அளவுகோலில் எண்ணெய் மட்டத்தைச் சரிபார்க்கவேண்டும். நம் மருமகனார் இந்த இரண்டு நிமிடத்தைத்தான் அன்று மாலை விட்டுவிட்டார்.

வடித்த எண்ணெயை என் செய்வது? பாசிர் ரிஸ் பூங்காவில் சதுப்புநிலக் காடு ஒன்று இருக்கிறது. தெம்பனிஸ் ஆறு அதன் பக்கமாகச் சென்று கடலில் கலக்கிறது. சாலையோரச் சாக்கடை நீர் ஆற்றுக்கும், அதன் வழியே ஜொகூர் நீரிணைக்கும் செல்கிறது. எதிர்க்கரையில் நம் தோட்டத்து ஓடைகள் கலக்கும் நீரும் அதுவே. 2017 ஜனவரி 3ஆம் நாள் பாசிர் கூடாங் துறைமுகத்தருகே இரண்டு கொள்கலக் கப்பல்கள் மோதி, ஏறத்தாழ 300 டன் எண்ணெய் கொட்டியபோது, சிங்கப்பூர்ப் பக்கத்து மிதவை மீன்பண்ணைகள் துன்புற்றன. அதனோடு ஒப்பிட்டால் நம் முக்கால் லிட்டர் சிறிதே. ஆயினும் ஒவ்வொரு வீட்டுப் பின்புறத்திலிருந்தும் அது போகுமானால் ஓடை தாங்காது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் கழிவு எண்ணெய் அட்டவணைக் கழிவாக வகுக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரிலும் அதைத் திரட்டுவோர்க்கு உரிமம் வேண்டும். மூடியுள்ள கலத்தில் ஊற்றி வைத்து, கழிவு எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். வடிகட்டிக்குள்ளும் எண்ணெய் தங்கியிருக்கும். ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடியவிட்ட பிறகே அதை அப்புறப்படுத்தவேண்டும். பால் வாளிக்கு அருகில் மட்டும் இக்கலத்தை வைக்காதீர்கள்.

மருமகனார் மறுநாளே சரியான எண்ணைச் சொல்லி வேறு வடிகட்டி வாங்கிப் பூட்டிவிட்டார். வேன் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வடிகட்டியின் தகரத்தின்மேல் மாற்றிய தேதியையும், அன்றைய கிலோமீட்டர் கணக்கையும், உதிரிப்பாக எண்ணையும் அழியாத மையால் எழுதி வைத்திருக்கிறார்.