பெயர் சொல்லாக் கருவிகள்

கணினி என்றதும் மேசையை அடைத்து நிற்கும் பெட்டியே பலர் நினைவில் எழும். உள்ளங்கையில் அடங்கும் ஒரே சுற்றுப்பலகையில் செயலி, நினைவகம், திரைக்கும் விசைப்பலகைக்குமான இணைப்புகள் அனைத்தும் பொருந்திய கணினிகளும் உள. இவற்றை ஒற்றைப் பலகைக் கணினிகள் என்பர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஓர் அறக்கட்டளை 2012 பிப்ரவரி 29 அன்று வெளியிட்ட ராஸ்பெரி பை இவற்றுள் பெரும்புகழ் பெற்றது. விலை 35 டாலர். நினைவகம் 256 மெகாபைட். செயலியின் வேகம் 700 மெகாஹெர்ட்ஸ். மாணவர் நிரல் எழுதிப் பழகுதல் அதன் நோக்கம். அதில் இயங்கியது லினக்ஸ் என்னும் திறமூல இயங்குதளம்.

லினக்ஸின் கருவகம் 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸால் தொடங்கப்பெற்றது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். "பலகை மலிவு; இயங்குதளம் பொது. ஆயின் எப்பலகையிலும் லினக்ஸை ஏற்றி இயக்கலாம் அன்றோ?" என மாணவர் வினவலாம். வினா எளியது, விடை அத்துணை எளியதன்று. நாமும் இதனை அறியாமல் ஒருமுறை பொருள் இழந்தோம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

இலக்கணம் பயில்வோர் பெயரையும் வினையையும் முதலில் கற்பர். பொருளின் பெயர் தெரியாமல் அதனை ஏவ இயலாது. கணினிக்கும் இஃதே நிலை. மேசைக் கணினியில் 1992இல் வந்த பிசிஐ என்னும் இணைப்பு முறை இதற்கு நல்வழி செய்தது. அதில் பொருத்தப்பெறும் ஒவ்வோர் அட்டையும் ஆக்கிய நிறுவனத்தின் எண், கருவியின் எண் என இரண்டினைத் தன்னுள் ஏந்தியிருக்கும். இயங்குதளம் "நீ யார்?" என்று வினவினால் அட்டை விடை சொல்லும். பின்னர் வந்த யுஎஸ்பியும் இவ்வாறே. பெயர் தெரிந்தபின், அதற்குரிய இயக்கி நிரலைத் தேடி எடுப்பது அரிதன்று.

சிறு பலகையிலோ பெரும்பாலான கருவிகள் ஒரே சில்லுக்குள் பதிந்து கிடக்கின்றன. அவை வினவினாலும் வாய் திறவா. எந்தக் கருவி நினைவகத்தின் எந்த முகவரியில் உள்ளது, எந்தக் குறுக்கீட்டு வழியே செயலியை அழைக்கும், எந்தத் துடிப்பில் இயங்கும் என்பனவற்றை யாரேனும் முன்னரே எழுதி வைத்திருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டொன்று காண்போம். முதல் ராஸ்பெரி பையில், வெளிக்கம்பிகளை ஆளும் பகுதி பதினறும எண்முறையில் 20200000 என்னும் முகவரியில் இருந்தது. 2015இல் வந்த இரண்டாம் பையில் அதே பகுதி 3எஃப்200000 என்னும் முகவரிக்கு மாறிற்று. கருவி அதுவே, வீடுதான் வேறு. பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டினால் எவர் திறப்பார்?

தொடக்கத்தில் இம்முகவரிகளை லினக்ஸ் கருவகத்துள்ளேயே பலகைதோறும் தனித்தனி நிரலாக எழுதினர். ஆர்ம் வகைச் செயலிகள் பெருகப் பெருக இந்நிரல்களும் புற்றுப்போல் வளர்ந்தன. ஒரு பலகைக்கென ஆக்கிய கருவகம் மற்றொன்றில் பெரும்பாலும் இயங்காது. 2011 மார்ச்சில் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து கடிந்துரைத்தார். அச்சொற்களை இம்மலரில் அச்சிடுதல் பொருந்தாது! அக்கண்டனத்தால் நன்மையே விளைந்தது. சன் நிறுவனத்தில் தோன்றி 1994இல் தரமாக ஏற்கப்பெற்ற ஓப்பன் ஃபர்ம்வேர் முறையில், வன்பொருளை ஒரு மரம்போல் கிளை கிளையாக விவரிக்கும் வழக்கம் இருந்தது. டிவைஸ் ட்ரீ எனப்படும் அதனை ஆர்ம் பலகைகளுக்கும் கைக்கொண்டனர். முகவரிகள் நிரலினின்று பிரிந்து தனிக் கோப்பாயின. கணினி தொடங்கும்போது அக்கோப்பு கருவகத்தின் கையில் தரப்படும். கருவகம் அதைப் படித்து எங்கெங்கு என்னென்ன உள்ளன என அறியும். 2012 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 3.7இல், வெவ்வேறு ஆர்ம் சில்லுகளுக்கு ஒரே கருவகம் என்னும் நிலை உருப்பெறத் தொடங்கிற்று.

எனினும் கருவி எங்குள்ளது என்பதையே மரம் கூறும். அதனை எங்ஙனம் இயக்குவது என்பதற்கு ஆக்கியவர் ஆவணம் தரல் வேண்டும். இதுவே சிக்கலின் உயிர்நிலை என்பது நம் கருத்து. ராஸ்பெரி பையின் சில்லை ஆக்கிய பிராட்காம் நிறுவனம் 2012இலேயே புறக்கருவிகள் பற்றிய கையேட்டை வெளியிட்டது. வரைகலைப் பகுதியை மட்டும் மறைத்தே வைத்தது. அதற்கான ஆவணம் 2014 பிப்ரவரியில் தான் வெளிவந்தது. அவ்வாண்டே எரிக் ஆன்ஹோல்ட் என்னும் வல்லுநர் அந்நிறுவனத்தில் சேர்ந்து திறமூல இயக்கி எழுதலானார். அது 2016 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.4இல் இடம்பெற்றது. பலகை விற்பனைக்கு வந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. முதல் பையில் மின்சாரம் பாய்ந்தவுடன் விழிப்பது முதன்மைச் செயலியன்று. வரைகலைப் பகுதியே முதலில் விழித்து, அட்டையிலுள்ள கோப்புகளைப் படித்து, பின்னரே செயலியை எழுப்பும். அதற்கென நிறுவனம் தரும் நிரலின் மூலம் மூடியே உள்ளது. திறந்த வீட்டிற்குப் பூட்டிய தலைவாயில்!

இனி நம் கதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்த் தட்டச்சுப் பயிற்சிக்கென, பெயர் அறியா நிறுவனமொன்றின் பலகைகள் மூன்றினை, விலை குறைவென மகிழ்ந்து வாங்கினோம். விற்றவர் தந்த பழைய கருவகத்தில் அவை செவ்வனே இயங்கின. பாதுகாப்புக் கருதிப் புதிய கருவகத்திற்கு மாற்றினோம், திரை இருண்டது. காரணம், அப்பலகைக்குரிய விவரக் கோப்பு பொதுக் கருவகத்தில் இல்லை. லினக்ஸ் 1992 முதல் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் உள்ளது. மாற்றிய கருவகத்தை வழங்குவோர், கேட்போர்க்கு அதன் மூலநிரலையும் தரக் கடமைப்பட்டவர். மும்முறை எழுதிக் கேட்டோம், விடை வரவில்லை. நன்கொடைப் பணத்தில் வாங்கிய பொருள் பயனற்றுப் போயிற்றே என்று நாம் பட்ட கூச்சம் சிறிதன்று.

அதன்பின் பலகை வாங்குமுன் ஒன்று செய்கிறோம். லினக்ஸ் மூலநிரலின் ஆர்ம் பகுதியில் விவரக் கோப்புகளுக்கென ஓர் அடைவு உண்டு. வாங்க எண்ணிய பலகையின் பெயரில் அங்குக் கோப்பு இருக்கிறதா எனத் தேடுகிறோம். இருப்பின், திறந்து திரை, வலையிணைப்பு, ஒலி ஆகியன அதில் எழுதப்பெற்றுள்ளனவா எனப் பார்க்கிறோம். அவை வெறும் எழுத்துக் கோப்புகளே. தமிழ் மாணவரும் அரைமணி நேரத்தில் படிக்கப் பழகலாம். பழைய மூன்று பலகைகளும் துறை அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ளன. அவற்றுக்கு மரம் எழுதிப் பார்க்க விரும்பும் மாணவர் வந்து கேட்டால் தருவோம்.