ரொட்டி சிவப்பதும் பாலாடைக்கட்டி உருகுவதும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

சுட்ட காய்கறிகளையும் பாலாடைக்கட்டியையும் இரு ரொட்டித் துண்டுகளுக்கிடையே வைத்து வாட்டும் 'சீஸ் சாண்ட்விச்'சில் மூன்று பொருள்களும் வெப்பத்தை மூன்று விதமாக ஏற்கின்றன. அதை அறிந்தால் செய்முறை எளிதில் விளங்கும்.

முதலில் காய்கறி. குடைமிளகாயில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் நீரே. அந்நீர் ஆவியாகும்வரை மேற்பரப்பின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறமும் மணமும் தருவதோ ஏறக்குறைய 140 டிகிரியில்தான் விரைவு பெறும். இவ்வினையை 1912இல் விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் மயார். எனவே குடைமிளகாய், வெங்காயம் ஆகியவற்றை மெல்லியதாக நறுக்கி, எண்ணெய் தடவி, கல்லில் நெருக்கமின்றிப் பரப்பி, முதலில் தனியே சுட வேண்டும். பச்சையாக வைத்தால் நீர் கசிந்து ரொட்டி ஊறிவிடும்.

அடுத்துப் பாலாடைக்கட்டி. இதில் கேசீன் என்னும் புரதத்தைக் கால்சியம் பிணைத்து வைத்துள்ளது. சூட்டில் கொழுப்பு இளகும். 60 டிகிரியை ஒட்டிப் புரத வலையும் தளர, கட்டி உருகும். கொதிக்கும் பாலை அமிலத்தால் திரையவைத்துச் செய்யும் பனீர் உருகாமல் சிவக்கும்.

மூன்றாவது ரொட்டி. காற்றறைகள் நிறைந்த ரொட்டி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். தீ பெரிதானால், உள்ளே கட்டி உருகுமுன் வெளியே கருகும். ஆகவே வெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் சிறு தீயில் முதலில் மூடியும் பின்பு திறந்தும் இருபுறமும் வாட்டுக.

பள்ளி காணாத நம் தாய்மார் பலர் வெங்காயத்தை 'நீர் வற்ற வதக்கு' என்பதும் இதே பாடந்தான். அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்ததற்கு நாம் பெயரும் எண்ணும் கற்கிறோம்.